நாரி நோவும் அதனைத் தணிக்கும் வழிகளும்

(சங்க மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயமும் இலக்கியமும் பேசப்படும் இம்மேடையில் நாரி நோவைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இது முதியோர்க்குரிய விஷயம் என்று இளைஞர்கள் எண்ணிவிடலாகாது. திருவிழாவிலே சுவாமி காவுபவர்கள் நீங்கள். தேர் வடம் பிடிப்பவர்கள் நீங்கள். அன்னதானத்துக்குக் கிடாரம் ஏற்றி இறக்குபவர்களும் நீங்களே. மறுநாட் காலையில் நாரியைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறவர்களும் உங்களுள் பலர் உளர். வயலிற் குனிபவர்க்கும், கொழுந்துக் கூடை சுமக்கும் தோட்டத்துத் தாய்மார்க்கும், முச்சக்கரவண்டி ஓட்டுபவர்க்கும், கந்தோர்க் கதிரையில் நாள் முழுதும் இருப்பவர்க்கும் இந்நோ பொதுவானது. 2020ஆம் ஆண்டில் உலகிலே 61 கோடியே 90 இலட்சம் மக்கள் நாரி நோவுடன் வாழ்ந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. மனிதரை வேலை செய்ய இயலாதவராக்கும் காரணங்களுள் உலகிலே முதலிடம் பெறுவதும் இதுவேயாகும்.

இத்துணைப் பேரை வருத்தும் நோயைப் பற்றி நம்மிடையே இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. நோவு வந்தால் முதுகுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்பது ஒன்று. அது மாறும்வரை அசையாமற் படுத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டினாலும் கூலி இழந்தவர்களும், தேடிய தேட்டத்தை விற்றவர்களும் உண்டு. நாரி நோவிற் பெரும்பாலானது கத்தி வையாமலே தணியக்கூடியது; அதைத் தணிக்கும் மருந்துகளுள் தலையாயது அச்சமின்றி நடமாடுவது. இதனையே இன்று உங்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

முதலில் முள்ளந்தண்டின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். பெயர் தண்டு எனினும் அது ஒரே தண்டு அன்று. குழந்தைப் பருவத்தில் அதிலே 33 முள்ளென்புகள் இருக்கின்றன. வளர்ந்தபின் அடிப்பகுதியில் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிவிட, மேலேயுள்ள 24 என்புகளே தனித்தனியாக அசைகின்றன. கழுத்தில் 7, நெஞ்சின் பின்புறத்தில் 12, நாரியில் 5 என அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. மேலுடம்பின் பாரம் முழுவதையும் தாங்கிக் கால்களுக்கு இறக்குவது நாரியிலுள்ள அந்த ஐந்து என்புகளேயாதலின், நோவும் அவ்விடத்திலேயே மிகுதியாக உண்டாகின்றது.

என்புக்கும் என்புக்கும் இடையிலே டிஸ்க் எனப்படும் தட்டுக்கள் உண்டு. வெளியே உறுதியான நார் வளையமும் உள்ளே நீர் மிகுந்த பசைபோன்ற பொருளும் கொண்டவை அவை. வளர்ந்தோரின் தட்டுக்குள்ளே இரத்தக் குழாய்கள் இல்லை. பாரம் ஏறும்போது நீர் சிறிது வெளியேறுவதும், பாரம் இறங்கும்போது மீண்டும் உட்புகுவதுமாக அது உயிர் வாழ்கின்றது. பகல் முழுதும் நின்றும் நடந்தும் வேலை செய்த ஒருவர் மாலையில் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரோ சற்றுக் கூடவோ உயரம் குறைந்திருப்பார். இரவு நித்திரையின்பின் அவ்வுயரம் திரும்பிவிடும். இவ்வடுக்கைச் சுற்றிலும் தசைகளும் நாண்களும், கப்பலின் பாய்மரத்தை நாற்புறமும் இழுத்துக் கட்டிய கயிறுகள் போல நின்று காக்கின்றன. கயிறுகள் தளர்ந்தால் மரம் ஆடும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நோவின் காரணங்களைப் பார்ப்போம். நாரி நோவுடையோர் நூறு பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் ஏறக்குறையத் தொண்ணூறு பேருக்கு இன்ன என்பு, இன்ன தட்டு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டத்தக்க தனிக் காரணம் எதுவும் கிடைப்பதில்லை. நோவு பொய் என்பது இதன் பொருள் அன்று. தசையும் நாணும் மூட்டும் களைத்து, நொந்து, இறுகிக் கிடக்கின்றன. ஆயின் ஆபத்தான கேடு எதுவும் நிகழவில்லை என்பதே பொருள். இவ்வகை நோவு பெரும்பாலும் ஆறு கிழமைக்குள் நன்கு தணிந்துவிடுகின்றது.

இந்நோவை வரவழைப்பவை எவை? பழக்கமில்லாத பாரத்தைத் திடீரெனத் தூக்குவது ஒன்று. சிறந்த நிலைமையிலும் ஒருவர் தூக்கத்தக்க பாரம் 23 கிலோ என்று 1991இல் அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிலையம் கணக்கிட்டது. நமது கடைகளில் ஏற்றி இறக்கப்படும் சீமெந்துப் பை ஒன்று 50 கிலோ என்பதை எண்ணிப் பாருங்கள்! நெடுநேரம் ஒரே நிலையில் இருத்தல், உடற்பயிற்சி இன்மை, உடற்பருமன், புகைத்தல் என்பனவும் காரணங்களாகின்றன. நித்திரைக் குறைவும் மனக்கவலையும் நோவைக் கூட்டும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது நாரி நோவும் கூடுகின்றது என்று ஒருவர் கூறினால், அதைக் கேட்டு நகைக்க வேண்டாம். மனம் இறுகும்போது தசையும் இறுகும். நோவை உணரும் மூளையும் கூர்மையடையும். இது வைத்திய நூல் ஒப்புக்கொண்ட உண்மை.

இரண்டாவது வகை, தட்டின் உட்பொருள் வெளியே பிதுங்கி நரம்பை நெருக்குவதனால் வருவது. இதிலே நோவு பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக, முழங்காலுக்குங் கீழே பாதம்வரை மின்னல்போல் இறங்கும், விறைப்பும் உண்டாகலாம். இதனையே சயற்றிக்கா என்பர். 1934இல் அமெரிக்காவிலுள்ள பொஸ்ரன் நகரில் மிக்ஸ்ரர், பார் என்னும் இரு வைத்தியர்கள் இதனைத் தெளிவுபட எழுதினார்கள். அதன்பின், எல்லா நாரி நோவுக்கும் தட்டே குற்றவாளி என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது.

அவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியானது? 1994இல் அமெரிக்காவில், நாரி நோவு சிறிதும் இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. படம் பிடித்துப் பார்த்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு 52 வீதமானோர்க்கு ஒரு தட்டாவது வீங்கியிருந்தது! தட்டுக்கள் யாவும் பழுதின்றி இருந்தவர் நூற்றுக்கு 36 வீதத்தினரே. இத்தகைய ஆராய்ச்சிகள் பலவற்றைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. நோவில்லாத இருபது வயதினருள் 37 வீதமானோர்க்கும், எண்பது வயதினருள் 96 வீதமானோர்க்கும் தட்டுத் தேய்வு காணப்பட்டது என்று அது கூறியது. தலைமயிர் நரைப்பதைப் போலத் தட்டும் நரைக்கின்றது, அவ்வளவே. ஆகவே, படத்தாளில் “தேய்வு”, “வீக்கம்” என்று எழுதியிருப்பதைக் கண்டு மனமுடைந்து போகாதீர்கள். அந்தத் தாளிலுள்ளதும் உங்களை வருத்தும் நோவும் ஒன்றே என்பதை வைத்தியர் உங்கள் காலையும் முதுகையும் சோதித்த பின்னரே தீர்மானிக்க வேண்டும்.

மூன்றாவது வகை மிகச் சிலர்க்கே வருவது. எனினும் அதை அறியாதிருத்தல் ஆபத்து. சயரோகக் கிருமி முள்ளந்தண்டிலும் குடியேறும். புற்றுநோய் பரவி என்பை அரிப்பதுமுண்டு. முதிய தாய்மாரின் என்புகள் வலிமை குன்றிச் சிறு தாக்கத்தினாலேயே நசுங்கிவிடக்கூடும். வாலிபப் பருவத்திலே தோன்றும் ஒருவகை மூட்டழற்சியும் உண்டு. அதன் அடையாளம் விசேஷமானது: காலையில் எழும்பும்போது அரை மணி நேரத்துக்கு மேல் நாரி விறைத்திருக்கும், ஓய்ந்திருந்தாற் கூடும், நடமாடினாற் குறையும். நாற்பத்தைந்து வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு இவ்விதம் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், வைத்தியரிடம் கட்டாயம் காட்ட வேண்டும்.

நான் இப்போது சொல்லப்போகும் அறிகுறிகளை ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நாரி நோவுடன் சிறுநீர் கழிக்க இயலாமற் போதல், அல்லது சலமும் மலமும் தம்மையறியாமற் கழிதல். இருக்கும்போது கதிரையிற் படும் இடமும் மறைவிடமும் விறைத்துப் போதல். இரு கால்களும் பலமிழத்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே, அந்த மணியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். நாரியின் கீழ் நரம்புக் கற்றை முழுவதும் நெருங்குகின்றது என்பதற்கு இவை அடையாளம். இங்கே சத்திரசிகிச்சை தாமதிக்கலாகாது; தாமதித்தால் ஆயுள் முழுவதும் அங்கவீனமாக நேரிடும். காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தமை, படுத்தாலும் தணியாத இராநோவு, விழுந்தபின் வந்த நோவு, நாளுக்கு நாள் கூடும் காற்பலவீனம் என்பன இருந்தாலும் வைத்தியரைத் தாமதமின்றிக் காணுங்கள். சிறுநீரகக் கல்லும் கர்ப்பப்பை நோய்களுங்கூட நாரியிலே நோவைக் காட்டும் என்பதையும் தாய்மார் மறக்கலாகாது. கூச்சம் காரணமாக இவற்றை மறைப்பது பெருந்தவறு.

இவை இல்லாதவர்க்கு என்ன சிகிச்சை? சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலே சுவீடன் நாட்டு வைத்தியர் நாகெம்சன் என்பார், உயிருள்ள மனிதரின் தட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்திருக்கையில் அழுத்தம் மிகக் குறைவாகவும், முன்னே குனிந்து பாரம் தூக்குகையில் மிக அதிகமாகவும் இருக்கக் கண்டார். இதனைக் கேட்டவர்கள், அப்படியாயின் படுத்தே கிடப்போம் என எண்ணுதல் இயல்பே. ஆனால் 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரத்து ஊழியர் 186 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை முறியடித்தது. புதிதாக நோவு கண்டவருள் ஒரு பகுதியினரை இரண்டு நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். ஒரு பகுதியினர்க்கு நாரிப் பயிற்சி கொடுத்தார்கள். எஞ்சியோரை இயன்றவரை வழக்கமான அலுவல்களைச் செய்யும்படி விட்டார்கள். விரைவிற் குணமடைந்தவர்கள் அலுவலைத் தொடர்ந்தவர்களே. படுத்தவர்களே மிகவும் பின்தங்கினார்கள். படுக்கையில் தசை மெலிகின்றது, மூட்டு இறுகுகின்றது, மனம் சோர்கின்றது. தாங்க முடியாத நோவு உள்ளவர் ஓரிரு நாள் இடையிடையே சாய்ந்திருப்பதிற் பிழையில்லை. எனினும் எழும்பி நாலடி நடப்பதை மறக்கலாகாது.

ஆகவே, முதல் நாட்களிற் செய்ய வேண்டியவை இவை. வெந்நீர்ப் போத்தலாலோ, சூடாக்கிய தவிட்டு முடிச்சினாலோ, நமது வீடுகளில் வழக்கமான நொச்சியிலை ஒத்தடத்தினாலோ நாரிக்குச் சூடு கொடுங்கள். சூடு இறுகிய தசையை இளக்கும் என்பதை மேல்நாட்டு வைத்திய சங்கங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. தோல் வெந்துபோகாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். நீரிழிவுடையோர் விசேஷ கவனம் எடுத்தல் வேண்டும். இதமாகத் தைலம் பூசித் தேய்ப்பதும் ஆறுதல் தரும். ஆனால் பிள்ளைகளைக் கொண்டு நாரியை மிதிப்பிக்கும் வழக்கத்தை முதியோர் விட்டுவிட வேண்டும். வலிமை குன்றிய என்பு அதனால் நசுங்கலாம்.

மருந்து வகையிலே, பரசிற்றமோல் புதிய நாரி நோவுக்கு வெறும் போலிக் குளிகையைவிட மேலானதன்று என 2014இல் அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சி காட்டியது. அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் சிறிது உதவும். ஆயின் வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய், இரத்த அழுத்தம் உடையோர் வைத்தியரைக் கேளாமல் அவற்றை உட்கொள்ளலாகாது. அபின் இன மருந்துகளை நாட்பட்ட நாரி நோவுக்குக் கொடுக்க வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு திசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இடுப்புப் பட்டியையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் அது விலக்கியுள்ளது. உடற்பயிற்சி, நோயைப் பற்றிய அறிவு, கைமுறைச் சிகிச்சை, மனத்தைத் திடப்படுத்தும் ஆலோசனை என்பனவே அது ஆதரிக்கும் வழிகள்.

வெறுந்தரையிலும் பலகையிலும் படுக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் நம்மிடமுண்டு. நாட்பட்ட நாரி நோவுடைய 313 பேரை வைத்து ஸ்பானிய வைத்தியர்கள் செய்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையே நன்மை பயந்தது. பாயிற் சுகமாக உறங்குகிறவர் அதை மாற்ற வேண்டியதில்லை. நோவுள்ளவர் தரையிற் கிடந்து தம்மை மேலும் வருத்திக்கொள்ளத் தேவையில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

நாரி நோவின் பெருந்தொல்லை, அது மாறியபின் மீண்டும் வருவது. குணமடைந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஓராண்டுக்குள் அது திரும்புகின்றது. இதற்கும் மலிவான மருந்து ஒன்று உண்டு, அதுதான் நடை. அவுஸ்திரேலியாவில் 701 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2024இல் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டி, நாளொன்றுக்கு அரை மணியாகக் கிழமையில் ஐந்து நாள் நடக்கும்படி ஒரு பகுதியினர்க்குப் பழக்கினார்கள். நடவாதார்க்கு ஏறக்குறைய 112 நாளில் திரும்பிய நோவு, நடந்தவர்க்கு 208 நாள்வரை ஒதுங்கி நின்றது. கோயிலுக்குச் சைக்கிளை விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள். கும்பிட்டதும் ஆகும், நாரியைக் காத்ததும் ஆகும்.

நடையோடு சில பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பிட்டத்தை மெல்ல உயர்த்திச் சில வினாடி நிறுத்தி இறக்குங்கள். இது சேதுபந்தாசனத்தின் எளிய வடிவம். கையும் முழங்காலும் ஊன்றி நின்று, பூனையைப் போல முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் அசையுங்கள். குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். இது புஜங்காசனத்தின் முதற்படி. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, மூச்சை அடக்காமற் செய்யலாம். யோகாசனம் நாட்பட்ட நாரி நோவுக்கு நன்மை தரும் என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும் ஏற்றுக்கொள்கின்றது. ஆயின் நோவு கடுமையாக உள்ள நாளில் கால்விரலைத் தொட முயன்று பெருமை தேட வேண்டாம். பயிற்சியின்போது சிறிது நோவு தோன்றுவது இயல்பு. மறுநாளும் அது கூடி நின்றால் அளவைக் குறையுங்கள். காலுக்கு இறங்கினால் நிறுத்தி, வைத்தியரையோ இயன்மருத்துவரையோ கேளுங்கள்.

பாரம் தூக்கும்போது பாரத்தை உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பிடித்துத் தூக்கும் பத்துக் கிலோ நாரிக்கு அதிலும் பன்மடங்காகின்றது. தூக்கியபடி இடுப்பைத் திருகாமல், பாதத்தை மாற்றித் திரும்புங்கள். ஒருவர் தூக்குவதை இருவர் தூக்குவது வெட்கமன்று. சுவாமி காவும்போது ஒத்த உயரமுடையோரை ஒரு கொம்பில் நிறுத்துங்கள். தோள் மாற்றும் ஆட்களை முன்னரே ஒழுங்கு செய்யுங்கள். அடியார் தொகையைக் கண்டு ஆளைக் குறையாதீர்கள். கந்தோரில் இருப்பவர் அரை மணிக்கொருமுறை எழுந்து நிற்க வேண்டும். சரியான இருக்கை எது என்று கேட்பார்க்கு, எந்த இருக்கையிலும் நெடுநேரம் இராதீர்கள் என்பதே எனது மறுமொழி.

இறுதியாகச் சத்திரசிகிச்சை பற்றி ஒரு வார்த்தை. நான் அதற்குப் பகைவன் அல்லேன். நரம்பு நெருங்கிக் கால் பலமிழந்து வருபவர்க்கும், ஆறு முதல் பன்னிரண்டு கிழமைவரை தக்க சிகிச்சை பெற்றும் தாங்கொணாக் கால்நோ தணியாதவர்க்கும் அது நல்ல துணை. ஆனால் பிதுங்கிய தட்டைப் பெரும்பாலும் உடம்பு தானே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகின்றது. நோர்வே நாட்டிலே 126 நோயாளரைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1983இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், முதலாண்டில் சத்திரசிகிச்சை பெற்றோர் நலமாயிருந்தனர். நான்காம் ஆண்டு முடிவில் இரு பகுதியினர்க்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. 2007இல் ஒல்லாந்து நாட்டு வைத்தியர்கள் 283 பேரிடம் கண்டதும் இதனை ஒத்ததே. உடனே சத்திரசிகிச்சை பெற்றவர் விரைவில் ஆறுதல் கண்டனர், பொறுத்திருந்தவருள் நூற்றுக்கு 39 வீதமானோர்க்குப் பின்னர் அது தேவைப்பட்டது, எஞ்சியோர்க்குத் தேவைப்படவில்லை. ஓராண்டு முடிவில் இரு பகுதியிலும் நூற்றுக்கு 95 பேர் குணமடைந்திருந்தார்கள். அவசர அறிகுறி இல்லாத ஒருவர், நாளைக்கே காணியை ஈடுவைத்துக் கத்திக்குப் படுக்க வேண்டியதில்லை. வைத்தியரிடம், “பொறுத்திருந்தால் என்னாகும்?” என்று மரியாதையுடன் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அன்பர்களே, முதுகு கண்ணாடிப் பாத்திரமன்று. உழைப்பதற்கென்றே அமைந்த உறுதியான அங்கம். இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டிலே நாரி நோவென்று படுத்திருக்கும் தந்தையாரைக் கைபிடித்து எழுப்பி, இன்று மாலை வாசல்வரை நடத்துங்கள், நாளை ஒழுங்கை முடக்குவரை நடத்துங்கள். பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாரம் தூக்கும் பிள்ளைக்கு இன்னொரு கை துணைவரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். இச்சங்கம் தன் இளைஞர்க்குக் காலை நடையும் ஆசனப் பயிற்சியும் ஒழுங்கு செய்யுமாயின், யான் பேசியதன் பயன் கிடைத்துவிட்டதாகக் கருதுவேன்.

இவ்வளவு நேரமும் பொறுமையுடன் கேட்டிருந்தீர்கள். கதிரையை விட்டு எழுந்து கைகால்களை நீட்டி நடக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.